பிள்ளை, உன்ரை பிரஷர் எவ்வளவு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். உயர்தர வகுப்பில் என்னிடம் உயிரியல் படித்தவள். இப்போது வைத்தியர். பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்து, இதயநோய்ப் பிரிவில் மேற்பயிற்சி பெறுகிறாள். வயது 34. விறாந்தையில் கிடந்த சாய்மனைக் கதிரையில் இருந்தவள், மனைவி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் நித்திரையாகிவிட்டாள். கைப்பையின் வார்கூடத் தோளிலிருந்து கழலவில்லை.

அரை மணித்தியாலம் கழித்து விழித்து வெட்கப்பட்டாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர். நேற்றுக் காலமை எட்டு மணிக்கு ஏறின டியூட்டி. இப்பதான் இறங்கி வாறன்."

மேசையில் எனக்கென்று வாங்கிவைத்த பிரஷர் பார்க்கும் கருவி கிடந்தது. "கையை நீட்டு பிள்ளை" என்றேன். பட்டியைச் சுற்றி அமத்தினேன். 152க்கு 96.

"நித்திரை இல்லாததாலைதான் சேர். விடிய ரெண்டு கோப்பியும் குடிச்சனான்" என்றாள். ஒருமுறை பார்த்த அளவை வைத்து நோய் என்று முடிவு கட்டக்கூடாது என்பது எனக்கும் தெரியும். அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் கேட்டது வேறு: "கடைசியா எப்ப பாத்தனி?" யோசித்தாள். "இன்டர்ன் செய்யேக்கை ஆராவது பாத்திருப்பினம்." அதாவது ஏழு வருடம். கிளினிக் நாளில் காலையிலிருந்து மத்தியானம் வரை வரிசையாக வரும் ஒவ்வொருவருடைய அளவையும் கேட்டுக் கொப்பியில் எழுதுகிறவள், ஏழு வருடமாகத் தன் கையில் அந்தப் பட்டியைச் சுற்றவில்லை. தகப்பனுக்குச் சீனி வருத்தம், 51 வயதில் ஸ்ரென்ற் வைத்தவர் என்பதும் எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து அந்த இரண்டு எண்களும் என் மனதைவிட்டுப் போகவில்லை.

இவளை நான் மறக்காததற்குக் காரணம் ஓர் ஆட்டிதயம். அது 2009. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான ஏ-9 பாதை பூட்டியிருந்த காலம். ஆய்வுகூடத்தில் போத்தல்கள் வெறுமையாக இருந்தன. ஆனால் ஆடு குடாநாட்டுக்குள்ளேயே கிடைக்கும். சந்தையில் இறைச்சிக்கடைக்காரரிடம் முதல்நாளே சொல்லிவைத்து ஐந்தாறு இதயங்கள் வாங்கிவந்து மேசையில் வைத்தேன். சைவ வீட்டுப் பிள்ளைகள் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இவளும் சைவ வீட்டுப் பிள்ளைதான். ஆனாலும் கத்தியை வாங்கி இடது இதயவறையை நீளவாக்கில் திறந்து, இருகூர் வால்வைப் பிடித்து நிற்கும் வெள்ளை நாண்களை ஊசிமுனையால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். தையல் நூலளவு தடிப்புத்தான் அவை. "இது அறுந்தா என்ன நடக்கும் சேர்?" என்றாள். இரத்தம் பின்னுக்குப் பாயும், சுவாசப்பையில் நீர் கட்டும், மூச்சுத் திணறும் என்றேன். "அறுந்ததைத் திருப்பிக் கட்டேலாதோ?"

பதினெட்டு வயதில் கேட்ட அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்துதான் அவள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். அந்தத் தூரம் எவ்வளவு என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. யாழ்ப்பாண மாவட்டத்தின் இஸட் புள்ளியைத் தாண்டி மருத்துவ பீடத்துக்குப் போவதுதான் மலை, அதற்கப்பால் எல்லாம் இறக்கம் என்று ரியூற்றரி வாசலில் நிற்கும் பெற்றோர் நினைக்கிறார்கள். உண்மையில் மலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பல்கலைக்கழகக் கதவு திறக்கும்வரை காத்திருப்பு. 5 வருடப் படிப்பு. இன்டர்ன் நியமனத்துக்கு இன்னொரு காத்திருப்பு. 1 வருட இன்டர்ன். பிறகு கொழும்பிலுள்ள மருத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவனத்தின் தெரிவுப் பரீட்சை. ரெஜிஸ்ட்ராராக விடுதி விடுதியாக அலைச்சல். எம்.டி. பரீட்சை. சீனியர் ரெஜிஸ்ட்ரார். வெளிநாட்டில் ஒரு பயிற்சிக்காலம். இவ்வளவும் முடிந்து இதயநோய் நிபுணர் என்று பெயர்ப்பலகை மாட்டும்போது முப்பதுகளின் பின்பாதி வந்துவிடும். அவளோடு படித்து வங்கியில் சேர்ந்தவளின் மூத்த பிள்ளை அதற்குள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்குப் படித்துக்கொண்டிருக்கும்.

இத்தனை வருடமும் ஊர் அவளிடம் இரண்டே கேள்விதான் கேட்டது. முதலாவது, கலியாணம் எப்போது? மற்றது, எப்போது வெளியாலை போகிறாய்?

இரண்டாவது கேள்வி எனக்குக் கூடுதலாக நோகிறது. ஏனென்றால் இந்த மண் ஒருகாலத்தில் வெளியாலிருந்து ஆள் வந்து மருத்துவம் படிப்பித்த மண். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இங்கு வந்து, அடுத்த ஆண்டே மாணவர்களைச் சேர்த்து ஆங்கில மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பு மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1870இல். அதற்கு இருபத்திரண்டு வருடம் முந்திய வேலை இது. பின்னாளில் மானிப்பாயில் தமிழிலேயே பாடம் நடத்தி, உடற்கூற்று நூல்களையும் இரண வைத்திய நூல்களையும் தமிழாக்கி அச்சிட்டார். நான் ஆய்வுகூட மேசையில் நின்று சோணை, இதயவறை, நாளம், முடியுரு நாடி என்று தடங்கலில்லாமல் சொல்ல முடிந்ததற்குப் பின்னால், அவர் தொடங்கிவைத்த அந்தப் பழக்கமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபராக இருந்த டைக் 1850இல் தொடக்கிவைத்த சிறு மருத்துவமனைதான் வளர்ந்து இன்றைய போதனா வைத்தியசாலை ஆயிற்று. 1978இல் மருத்துவ பீடம் வந்தது. அதன் முதல் மாணவர்கள் படிப்பை முடிக்கும் முன்பே நாடு எரியத் தொடங்கிவிட்டது.

1987 ஒக்ரோபர் 21, தீபாவளி நாள். போதனா வைத்தியசாலைக்குள் இந்திய அமைதிப்படை நுழைந்து சுட்டதில் மருத்துவர்கள், தாதியர், சிற்றூழியர், நோயாளர் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறுநாள் காலை, காயப்பட்டவர்களைக் காப்பாற்றவென்று கைகளை உயர்த்தியபடி தாதியரோடு நடந்துவந்த குழந்தை மருத்துவ நிபுணர் சிவபாதசுந்தரமும் சுடப்பட்டார். அதன் பின்னரும் அந்த வைத்தியசாலை திரும்ப இயங்கியது. தொண்ணூறுகளின் தடைக்காலத்தில், மயக்கமருந்துக்கும் சேலைனுக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய மருத்துவர்கள் ஒரு குடாநாட்டையே சுமந்தார்கள். ஒருவரே சத்திரசிகிச்சை நிபுணர், ஒருவரே ஆசிரியர், நிர்வாகியும் அவரே. வீட்டுக்குப் போகாத நாட்கள் அதிகம். அவர்களை நாம் கைகூப்பி நினைக்கிறோம். நினைக்கத்தான் வேண்டும்.

நான் சொல்லவந்தது இதுதான். அந்தக் காலத்தில் வேறு வழியில்லாமல் அவர்கள் சுமந்த சுமையை நாம் ஒரு மருத்துவரின் இயல்பான வேலைநேரமாக மாற்றிவிட்டோம். ஷெல் விழும்போது 36 மணித்தியாலம் நின்றவரைப் பார்த்து வளர்ந்த தலைமுறை, ஷெல் இல்லாத காலத்திலும் 36 மணித்தியாலம் நிற்பவரைத்தான் நல்ல டொக்டர் என்கிறது. பன்னிரண்டு மணித்தியாலத்தில் வீடு போகிறவருக்குப் பற்றில்லை என்று பெயர் வைக்கிறது. இளம் மருத்துவர்களும் இதைத் தாய்ப்பாலோடு வாங்கிக்கொண்டார்கள். களைக்குது என்று சொல்வதே அவர்களுக்கு வெட்கம். போர் முடிந்து பதினாறு வருடத்துக்கு மேலாகிறது. அன்று தியாகமாக இருந்தது இன்று திட்டமிடலில் உள்ள ஓட்டை. அந்த ஓட்டையை இளம் பிள்ளைகளின் உடம்பைக் கொண்டு அடைத்துக்கொண்டிருக்கிறோம்.

மற்றத் துறைகளைவிட இதயநோய்த் துறையில் இது ஏன் கூடுதலாக உறைக்கிறது என்பதற்கு அந்த நோயே காரணம். முடியுரு நாடியில் இரத்தம் கட்டிபட்டு அடைத்துவிட்டால் அதற்கப்பால் உள்ள தசை நிமிடக் கணக்கில் சாகத் தொடங்குகிறது. அடைப்பைக் குழாய்வழி திறப்பதானால் ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு என்று தெரிந்த நேரத்திலிருந்து 120 நிமிடத்துக்குள் திறக்கவேண்டும் என்கிறார்கள். அது முடியாத தூரமென்றால் கட்டியைக் கரைக்கும் ஊசியை உடனே போடவேண்டும். நெடுந்தீவில் ஒருவருக்கு இரவு பத்து மணிக்கு நெஞ்சு நொந்தால் அந்த 120 நிமிடத்தைக் கடல்தான் முதலில் எடுத்துக்கொள்கிறது. குறிகட்டுவானுக்குப் படகிலேயே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அதற்குப் பிறகு புங்குடுதீவும் வேலணையும் தாண்டிய றோட்டு.

பல வேளைகளில் கடலுக்கு முன்னமே நேரத்தை எடுத்துக்கொள்வது "வாய்வு". நெஞ்சுக்குள் அம்மி வைத்ததுபோல இருக்கிறது, இடக்கை உளைகிறது, வேர்த்துக் கொட்டுகிறது என்று ஒருவர் சொன்னால், நம் வீடுகளில் முதலில் வருவது உள்ளி. பிறகு ஓமத் தண்ணி. பிறகு சோடா. பிறகு பக்கத்து வீட்டு அன்ரி தரும் நெஞ்செரிவுக் குளிசை. 1990 அம்புலன்ஸ் சேவை நாடு முழுவதற்குமாக விரிவாக்கப்பட்டதே 2018 யூலையில் யாழ்ப்பாணத்தில் நடந்த விழாவில்தான். அந்த இலக்கத்தை அழுத்துவதற்கு முன் நாம் இன்னும் மூன்று மணித்தியாலம் வாய்வோடு போராடுகிறோம். அந்த மூன்று மணித்தியாலத்தின் கடனை அடைக்கவேண்டியவள், விடியப்புறம் இரண்டு மணிக்கு நித்திரை முறிந்து எழும்பும் பயிற்சி மருத்துவர்.

தெற்காசியரின் இதயம் மற்றவர்களைவிட முந்தி நோய்ப்படுகிறது என்பது ஊகமல்ல. சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில் இலங்கையும் இருந்தது. அதன் தரவுகளின்படி தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்றவர்களுக்கு 59 அளவில். அந்த ஆறு வருடத்தை நம்மிடமிருந்து பறிப்பவை எவை என்பதையும் அது சொன்னது. புகை, கொழுப்பு, பிரஷர், சீனி, தொந்தி, மன அழுத்தம், பழமும் மரக்கறியும் போதாமை, உடலசைவின்மை என்று எல்லாம் நாம் தினம் வாயில் வைத்திருக்கும் பெயர்கள்தான். அந்தப் பட்டியலைப் படித்துக்கொண்டே போனால் என் மாணவியின் நாளாந்தம் அதில் பாதி. இரவு மூன்று மணிக்குக் கன்ரீனில் மிஞ்சிக்கிடக்கும் ரோல்ஸ். மத்தியானச் சோறு பின்னேரம் நாலரைக்கு. நடை என்றால் விடுதிக்கும் அவசரப் பிரிவுக்கும் இடையில் ஓடுவதுதான்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் நிறுவனமும் 2021இல் சேர்ந்து ஒரு கணக்கை வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணித்தியாலம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், பாரிசவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் கூட. இதய நாடி நோயால் சாகும் அபாயம் 17 சதவீதம் கூட. 2016இல் மட்டும் அப்படி இறந்தவர்கள் 7 இலட்சத்து 45 ஆயிரம் பேர் என்று மதிப்பிட்டார்கள். 55 என்ற எண்ணை அவளிடம் சொன்னேன். "அது எங்கடை மூண்டு நாள் சேர்" என்றாள்.

2025 ஓகஸ்டில் சென்னைக்கு அருகிலுள்ள ஒரு மருத்துவமனையில் 39 வயதான இதய அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவர், நோயாளரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்தார். கூட நின்ற மருத்துவர்கள் எல்லாம் செய்து பார்த்தும் பலனில்லை. அதற்கு இரண்டு வருடத்துக்கு முன், 2023 யூனில், குஜராத்தின் ஜாம்நகரில் 41 வயதான இதயநோய் நிபுணர் ஒருவர் மாரடைப்பால் இறந்தார். வேலைப்பளுதான் அவர்களைக் கொன்றது என்று எழுத எனக்கு உரிமையில்லை. ஒரு மனிதரின் இதயம் நிற்பதற்குப் பல காரணங்கள் சேரும். ஆனால் இதயத்தைப் பற்றி ஊரிலேயே அதிகம் தெரிந்தவர்களைக்கூட அந்த அறிவு காப்பாற்றவில்லை. அறிவோடு நேரமும் வேண்டும். தன் இரத்தத்தைச் சோதிக்க ஒரு காலைப்பொழுது, அந்த முடிவை எடுத்துக்கொண்டு இன்னொரு மருத்துவர் முன் நோயாளியாக இருக்க இன்னொரு பொழுது.

இதைப் படிக்கும் பலர் ஒரு கேள்வியை ஏற்கெனவே மனதில் எடுத்திருப்பீர்கள். "அரசாங்க வேலை முடிஞ்சு இரவு பத்து மணி மட்டும் சனல் பண்ணுகினம்தானே? அப்ப களைக்கேல்லையோ?" நியாயமான கேள்வி. தனியார் மருத்துவமனையில் ஒரு மாலைக்கு ஐம்பது துண்டு கொடுத்து, ஆளுக்கு மூன்று நிமிடம் பார்ப்பதை நான் ஒருநாளும் சரியென்று சொல்லமாட்டேன். அது நோயாளருக்கும் கேடு, மருத்துவருக்கும் கேடு. ஆனால் பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளின் கதை வேறு. நிபுணராகிய பிறகு அவர்கள் ஏன் அந்தக் கதிரையில் போய் இருக்கிறார்கள் என்பதிலும் நமக்குப் பங்குண்டு. டொக்டர் மாப்பிள்ளைக்குச் சீதனமாக வீடும் காணியும் காரும் பேசி, அந்தத் தராசுக்கு ஏற்ற வருமானத்தை அவன் வாழ்நாள் முழுதும் காட்டவேண்டும் என்று எதிர்பார்க்கும் சமூகம் இது. மாதச் சம்பளத்தோடு நிற்கும் நிபுணரைப் பற்றி நாம் என்ன கதைக்கிறோம் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். 2022இன் நெருக்கடியில் ரூபாயின் பெறுமதி சரிந்தபோது வெளியே போன மருத்துவர்களைத் திட்டித் தீர்த்த அதே வாய்தான், போகாமல் இருந்தவர்களிடம் "இன்னும் இஞ்சையோ?" என்று கேட்டது.

பணத்துக்காகத்தான் போகிறார்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். போன என் மாணவர்களோடு தொலைபேசியில் கதைக்கும்போது சம்பளத்தைவிட அவர்கள் வாயில் அடிக்கடி வருவது "றோட்டா", அதாவது வேலைநேர அட்டவணை. ஐரோப்பிய ஒன்றியம் பயிற்சி மருத்துவர்களின் வாரத்தைப் படிப்படியாகக் குறைத்து 2009இல் 48 மணித்தியாலத்துக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 1984இல் நியூயோர்க் மருத்துவமனை ஒன்றில் 18 வயது மாணவி ஒருத்தி இறந்ததைத் தொடர்ந்து, தூங்காத பயிற்சி மருத்துவர்கள் பற்றிய கேள்வி நீதிமன்றம்வரை போயிற்று. நாடு முழுவதற்குமாக வாரம் 80 மணித்தியாலம் என்ற உச்சவரம்பு வர 2003 ஆயிற்று. 80 என்பதும் மனிதத்தன்மையான எண் அல்ல. ஆனாலும் அது எழுதப்பட்ட எண். மீறினால் கேட்கலாம். எண்ணே எழுதப்படாத இடத்தில் எதை மீறியதாக ஒரு பிள்ளை முறையிடுவாள்?

மேலே இருப்பவரிடம் கேள்வி கேட்பதே தப்பு என்ற பழக்கமும் நம் மருத்துவக் கல்வியில் வேரோடி நிற்கிறது. 1929இல் ஜேர்மனியின் எபர்ஸ்வால்ட நகரில் 25 வயதுப் பயிற்சி மருத்துவர் வேர்னர் போர்ஸ்மன், மேலதிகாரி மறுத்ததை மீறித் தன் கை நாளத்தினூடாக ஒரு மெல்லிய குழாயைத் தன் இதயம்வரை செலுத்திக்கொண்டு, படியிறங்கி எக்ஸ்றே அறைக்குப் போய்ப் படம் எடுத்துக்காட்டினார். பேர்லினின் பெரிய மருத்துவமனை அவரை மதிக்கவில்லை, வெளியேற்றியது. அவர் சிறுநீரகத் துறைக்குப் போய்விட்டார். 1956இல் அவருக்கு நோபல் பரிசு வந்தபோதுதான் இதயநோய்த் துறை தான் யாரை இழந்தது என்று திரும்பிப் பார்த்தது. இன்று நம் பிள்ளைகள் செய்யும் ஒவ்வோர் அஞ்சியோகிராமும் அந்தக் குழாயின் வழிவந்தது. தன்மேல் பரிசோதனை செய் என்று எந்தப் பயிற்சி மருத்துவருக்கும் நான் சொல்லவரவில்லை. வாட் ரவுண்டில் இளையவள் ஒரு சந்தேகம் கேட்டால் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தாமல் இருங்கள் என்று அவளுடைய மூத்தவர்களிடம் கேட்கிறேன். பயந்த பிள்ளை பிழையை மறைக்கும். இதயநோய் விடுதியில் மறைக்கப்பட்ட பிழை உயிரை எடுக்கும்.

குழாய்வழிச் சிகிச்சை செய்யும் அறையை அவள் விவரித்தபோதுதான் எனக்கு இன்னொன்று புரிந்தது. எக்ஸ்றே கதிர் ஓடிக்கொண்டிருக்கும் மேசையோடு ஒட்டி நின்று வேலை செய்கிறார்கள். உடம்பில் ஐந்து முதல் ஏழு கிலோ பாரமான ஈயக் கவசம். கழுத்துக்குத் தனிப் பட்டி. கண்ணுக்கு ஈயக் கண்ணாடி, அது இருந்தால். ஒரு நோயாளிக்கு முக்கால் மணித்தியாலம் என்றால், நாளைக்கு ஆறேழு பேர். கவசத்தைக் கழற்றிக் கம்பியில் போட்டால் அது முதுகு கூனிய ஒரு ஆளைப்போலத் தொங்கும் என்றாள். பத்து வருடத்தில் தங்கள் முதுகும் அப்படித்தான் என்று மூத்த தாதி ஒருவர் சொன்னாராம். கதிர்வீச்சுக்குச் சர்வதேச எல்லைகள் இருக்கின்றன. தொழில் செய்பவருக்கு ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவேட். கண்வில்லைக்கு முன்பு 150 என்று இருந்ததை 2011இல் 20க்குக் குறைத்தார்கள், நினைத்ததைவிடக் குறைந்த அளவிலேயே கண்ணில் புரை விழுகிறது என்று கண்டபடியால். கர்ப்பிணி என்று அறிவித்த பிறகு வயிற்றுப் பிள்ளைக்கு 1 மில்லிசீவேட்டுக்கு மேல் போகக்கூடாது. நெஞ்சில் குத்தும் சிறிய கதிரளவுப் பட்டைதான் இதையெல்லாம் கணக்கெடுக்கிறது. அந்தப் பட்டையைக் குத்தாமல் மேசையடியில் நிற்கும் இளையவர்கள் உலகெங்கும் உண்டு. குத்தினால் எல்லை தாண்டியது தெரிந்துவிடும், பிறகு வேலை பழக விடமாட்டார்கள் என்ற பயம். பெண்களுக்கு இந்தப் பயம் இரட்டிப்பு. பிள்ளை பெறும் வயதும் கை பழகும் வயதும் ஒன்றாகவே வருகின்றன. மருத்துவ பீடத்து வகுப்பறைகளில் நிறைந்திருக்கும் பெண்பிள்ளைகளில் இந்தத் துறைக்குப் போகிறவர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று யோசிப்பவர்கள், அவர்களுக்குத் துணிவில்லை என்று சொல்வதற்கு முன், கர்ப்பகாலத்தில் எக்கோ அறைக்கும் கிளினிக்குக்கும் மாறி வேலை செய்து, பிறகு திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடர எழுத்தில் ஒரு வழி இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

ரெனே பவலோரோவை நான் அடிக்கடி நினைக்கிறேன். ஆர்ஜென்ரீனாக்காரர். ஜசின்ரோ அராவுஸ் என்ற ஒதுக்குப்புறக் கிராமத்தில் பன்னிரண்டு வருடம் கிராம வைத்தியராக இருந்தவர். 1962இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்துக்குப் போய், 1967இல் காலிலிருந்து எடுத்த நாளத்தைக் கொண்டு அடைபட்ட முடியுரு நாடிக்கு மாற்றுவழி அமைக்கும் பைபாஸ் சிகிச்சையை உலகுக்குக் கொடுத்தார். புகழின் உச்சியில், 1971இல், எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தன் நாட்டுக்குத் திரும்பினார். தென்னமெரிக்கா முழுவதிலிருந்தும் வந்த நூற்றுக்கணக்கான இளம் சத்திரசிகிச்சையாளர்களைப் பயிற்றினார். அவருடைய நிறுவனம், வரவேண்டிய பணம் வராமல் கடனில் மூழ்கியது. கதவு கதவாகத் தட்டிக் களைத்த அவர், 2000 யூலை 29இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 77.

திரும்பி வா என்று பிள்ளைகளைக் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும். திரும்பி வருகிறவரின் பின்னால் நிற்க ஆட்கள் இருக்கவேண்டும். இன்று யாழ்ப்பாணத்திலேயே இதய நாடியைக் குழாய்வழி பார்க்கலாம், ஸ்ரென்ற் வைக்கலாம், நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சையும் செய்யலாம். ஒருகாலத்தில் கப்பலுக்கும் விமானத்துக்கும் காத்திருந்து கொழும்புக்குப் போன வருத்தம் இது. எவ்வளவு பெரிய மாற்றம். புலம்பெயர்ந்த உறவுகள் ஊர் வைத்தியசாலைகளுக்கு இயந்திரங்கள் அனுப்புகிறார்கள். பெயர் பொறித்த பலகைகள் சுவரில் ஏறுகின்றன. அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இயந்திரத்தின் விலையைக் கேட்கும்போது, அதை இரவில் இயக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். எக்கோ எடுக்கப் பயின்ற தொழில்நுட்பவியலாளர், குழாய் அறைக்குப் பழகிய தாதி, ஒன்கோல் மருத்துவருக்குப் பின்னால் இரண்டாவது ஒன்கோல் மருத்துவர். இவர்கள் இல்லாமல் இயந்திரம் பகலில் மட்டுமே உயிரோடிருக்கும். மருத்துவர் படுக்க ஒரு சுத்தமான அறை, இரவு இரண்டு மணிக்குச் சூடான ஒரு சாப்பாடு, ஈயக் கண்ணாடி, பாரம் குறைந்த புதுவகைக் கவசம் என்பவற்றில் எவருடைய பெயரையும் பெரிதாகப் பொறிக்க முடியாதுதான். ஆனாலும் கேளுங்கள்.

நிர்வாகத்திடம் கேட்பதற்கும் பெரிய பட்டியல் இல்லை. இரவு முழுக்க நின்றவர் மறுநாள் காலை ரவுண்ட் முடிந்ததும் வீடு போகட்டும், அதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வேலையில் சேரும் நாளில் நெஞ்சு எக்ஸ்றேயோடு அவர்களுடைய பிரஷர், சீனி, கொலஸ்ரோலையும் பாருங்கள், பிறகு ஆண்டுக்கொருமுறை பாருங்கள். அளவுப் பட்டையின் முடிவை அணிந்தவருக்கே சொல்லுங்கள். மனம் முறிந்தவர் போய்க் கதைக்க, அவருடைய பரீட்சைக்குப் புள்ளி போடாத ஒருவர் இருக்கட்டும்.

நமக்கும் வேலை இருக்கிறது. தெரிந்த டொக்டர் என்பதற்காக இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பில் இரத்தப் பரிசோதனைத் துண்டை அனுப்பாதீர்கள். நெஞ்சு நொந்தால் அவளுடைய கைத்தொலைபேசிக்கு எடுக்காதீர்கள், 1990க்கு எடுங்கள். அவள் ஒரு நல்லநாள் பெருநாளுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையில் உங்கள் கொப்பியை விரிக்காதீர்கள். நானும் இதைச் செய்திருக்கிறேன். இனிச் செய்யமாட்டேன்.

அன்று மத்தியானம் அவள் புறப்படும்போது என்னுடைய பிரஷர் கருவியை அவள் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். வாரத்தில் மூன்று நாள், நித்திரை கொண்டெழும்பின காலையில், ஆறுதலாக ஐந்து நிமிடம் இருந்து பார்த்து எனக்கு எண்ணை மட்டும் அனுப்பு, விளக்கம் வேண்டாம் என்றேன். சரியென்று தலையாட்டினாள். முதல் வாரம் மூன்று எண்களும் வந்தன. 138, 88. 144, 90. 136, 86. இரண்டாம் வாரம் ஒன்று வந்தது. பிறகு வரவில்லை.

பத்து நாள் பொறுத்து எடுத்துக் கேட்டேன். "மெஷினைக் குடுத்திட்டன் சேர்" என்றாள். தீவுப் பக்கத்திலிருந்து கிளினிக்குக்கு வரும் ஒரு வயதான ஐயா, தனிய இருப்பவர், பிரஷர் பார்க்கப் படகேறி வரவேண்டியிருக்கிறது, காசுக்கும் வழியில்லை. "அவருக்கு எப்பிடி அமத்துறதெண்டு காட்டிக் குடுத்தனான். வடிவாப் பாக்கிறார். கொப்பியிலை எழுதிக்கொண்டு வாறார் சேர்."

"நீ?" என்று கேட்டேன். யாரோ கூப்பிட்ட சத்தம் கேட்டது. பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

இன்னொன்று வாங்கி அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். தைப்பொங்கலுக்கு லீவு கிடைத்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.